யோகாசனமும் உடற்பயிற்சியும்: வித்தியாசம் உண்மையில் எங்கே?

நாரிப்பிடிப்பு (வெள்ளவத்தை)

கோட்டையில் கணக்கு வேலை. காலை எட்டரைக்குக் கதிரையில் இருந்தால், சாப்பாட்டு நேரம் தவிர, பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் எழும்புவது. சில மாதமாக நாரி நோவு. டொக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "பயப்பட ஒன்றுமில்லை, உடம்புக்கு ஏதாவது பயிற்சி கொடுங்கள்" என்றார். எது என்று கேட்டால் "உங்களுக்குப் பிடித்தது" என்கிறார். மனைவி யோகா வகுப்பு என்கிறா. பக்கத்து மேசைக்காரர் ஜிம் என்கிறார்.

என் கேள்வி இதுதான். இரண்டிலும் கை காலைத்தானே நீட்டி மடக்குகிறோம்? அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? "யோகா மனதுக்கு, ஜிம் உடம்புக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம். அது வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது.

இரும்புத்தம்பி

பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை அண்ணை. கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடிப்பதை நாங்கள் பிளாங் என்கிறோம், அதை அவர்கள் பலகாசனம் என்கிறார்கள். கதிரை இல்லாமலே கதிரையில் இருப்பதுபோல நின்றால் உத்கடாசனம், அதையே சுவரில் சாய்ந்து செய்தால் வோல் சிட். தண்டால் எடுக்கும்போது பாதியில் நின்றால் சதுரங்க தண்டாசனம். தசைக்கு சமஸ்கிருதமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எவ்வளவு பாரம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஜிம்மில் இந்த மாதம் 20 கிலோ தூக்கினால் அடுத்த மாதம் 25. உடம்பு பழகப் பழக பாரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். யோகாவில் பாரம் உங்கள் சொந்த எடை மட்டும்தான், அதற்கு மேல் ஏற வழியில்லை. நாரி பலமாக வேண்டும் என்றால் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரக்கம்பியைத் தூக்கி நிமிர்வது) பழகுங்கள்.

ஓரமாய்_நிற்பவன்

நாரி நோவு என்று வந்தவருக்கு முதல் பதிலே டெட்லிஃப்ட். வாழ்க.

இரும்புத்தம்பி

வெறும் கம்பியோடு தொடங்கி, சொல்லிக்கொடுக்க ஆளை வைத்துக்கொண்டு என்றுதான் அர்த்தம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

மூலன்_அடியான்

தம்பி சொல்வது வெளித்தோற்றத்தில் சரி. ஆனால் பதஞ்சலி தன் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள், இரண்டாம் பாதத்தில் 46 முதல் 48 வரை. அதில் தசை பற்றி ஒரு சொல்லும் இல்லை. உடம்பு அசையாமல் இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். அதற்கு வழியாக அடுத்த சூத்திரம் சொல்வது, முயற்சி தளர வேண்டும் என்பது. ஜிம்மில் முயற்சி கூடக் கூட நல்லது. இங்கே அதே நிலையில் இருந்துகொண்டு, தேவையில்லாத முயற்சியை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டும். தாடை இறுகியிருக்கிறதா, தோள் காதுக்கு ஏறிவிட்டதா, கால்விரல்கள் பாயைக் கவ்விப் பிடிக்கின்றனவா என்று பார்த்துப் பார்த்துத் தளர்த்துவதுதான் வேலை.

இன்னொன்றும் உண்டு. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் வருகிறது. இயமம், நியமம் கடந்த பிறகுதான் ஆசனம். அதன்பின் பிராணாயாமம் தொடங்கி சமாதி வரை இன்னும் ஐந்து. எட்டில் ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்து "இதுவும் ஸ்குவாட்டும் ஒன்றுதானே" என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

நாரிப்பிடிப்பு (வெள்ளவத்தை)

ஐயா, குறை நினைக்க வேண்டாம். எனக்குச் சமாதி வேண்டாம், நாரி நோவு போனால் போதும்.

பழைய_மாஸ்டர் (கொட்டாஞ்சேனை)

பாடசாலையில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பிறகுதான் யோகா பழகினேன், இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் எழுதுகிறேன்.

மைதானத்தில் எல்லாம் விசில்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் நாற்பது பிள்ளைகளும் ஒன்றாகக் கையை உயர்த்துவார்கள், ஒன்றாக இறக்குவார்கள். வேகம், எண்ணிக்கை, யார் முதலில் என்ற போட்டி. அதில் தவறில்லை. அந்த வயதுக்கு அதுதான் வேண்டும். யோகா வகுப்பில் முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தவரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவருடைய கை பெருவிரலைத் தொட்டதா என்று. ஆசிரியை "மாஸ்டர், இங்கே பரிசளிப்பு விழா இல்லை" என்றா.

விளையாட்டு பெரும்பாலும் உடம்பை ஒரு பக்கமாக வளர்க்கும். வேகப்பந்து வீசும் பையன்களைப் பாருங்கள், வீசும் தோள் ஒரு மாதிரி, மற்றத் தோள் ஒரு மாதிரி. கீழ் முதுகில் எலும்பு வெடிப்பு அவர்களுக்குத்தான் அதிகம் வரும். ஆசன வரிசையில் வலது பக்கம் எது செய்தாலும் இடது பக்கமும் செய்தாக வேண்டும். முன்னால் குனிந்தால் அடுத்து பின்னால் வளைய வேண்டும். பச்சிமோத்தானம் (கால் நீட்டி இருந்து முன்னால் குனிவது) செய்து முடித்ததும் சும்மா எழும்பிப் போக விடமாட்டார்கள். ஓட்டம் பழக்கிய காலத்தில் நான் பிள்ளைகளை முன்னால் குனிய மட்டும்தான் வைத்தேன், பின்வளைவு என்று ஒன்றைப் பற்றி எங்கள் பயிற்சியில் எவரும் கதைக்கவே இல்லை.

கடைசியில் சவாசனம், அசையாமல் மல்லாந்து படுப்பது. முதலில் அது தூங்குவதற்கான சாட்டு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வகுப்பில் மிகக் கடினமானது அதுதான்.

ஏட்டுப்பூச்சி

"ஐயாயிரம் வருடப் பழமை" என்று யாராவது எழுதுவதற்கு முன் நான் குறுக்கே விழுகிறேன்.

15ஆம் நூற்றாண்டு யோக நூலான ஹத யோகப் பிரதீபிகையில் விளக்கப்பட்டிருப்பவை 15 ஆசனங்கள். பாதிக்கு மேல் இருந்து செய்பவை. நீங்கள் வகுப்பில் செய்யும் திரிகோணாசனமும் வீரபத்திராசனமும் அதில் இல்லை. அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதை என்ற நூலில் 32 வரும். இன்று உலகம் முழுக்க யோகா என்று செய்யும் நின்ற நிலைகளும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாயும் வரிசைகளும் இப்போதைய வடிவத்துக்கு வந்தது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில். சூரிய நமஸ்காரத்தை ஓர் உடற்பயிற்சியாக ஊரெல்லாம் பரப்பியவர் மகாராஷ்டிரத்தின் அவுந்த் சமஸ்தான ராஜா. மைசூர் அரண்மனையில் 1930களில் கிருஷ்ணமாச்சாரியார் யோகா படிப்பித்தார். அவரிடம் படித்த பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோய்ஸும்தான் பிறகு மேற்கு நாடுகளில் பெயர் எடுத்தார்கள்.

அதே காலத்தில் இந்தியப் பாடசாலைகளிலும் இராணுவத்திலும் ஐரோப்பிய ஜிம்னாஸ்டிக்ஸ் நன்றாகப் பரவியிருந்தது. டென்மார்க்கின் நீல்ஸ் புக் வகுத்த பயிற்சி முறை அப்போது பிரபலம். அந்த வாசனை யோகாவிலும் ஒட்டியது என்று மார்க் சிங்கிள்டன் 2010இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். எல்லாரும் அதை ஏற்கவில்லை. மைசூர் அரண்மனையிலிருந்த 19ஆம் நூற்றாண்டு ஸ்ரீதத்துவநிதி சுவடியில் 122 ஆசனங்கள் படத்தோடு இருக்கின்றன. கயிற்றில் தொங்கிச் செய்பவை கூட உண்டு. ஆகவே முழுக்க இரவல் என்று சொல்லவும் முடியாது, முழுக்கப் பழசு என்று சொல்லவும் முடியாது.

நான் சொல்ல வருவது, யோகாவுக்கும் உடற்பயிற்சிக்கும் நடுவில் கோடு போட முயல்பவர்கள் அந்தக் கோடு நூறு வருடத்துக்கு முன்பே இரண்டு பக்கத்தாலும் மிதிபட்டது என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரும்புத்தம்பி தண்டாலையும் சதுரங்கத்தையும் ஒன்று என்றது சும்மா வாய்க்கு வந்த கதை இல்லை. மைசூரில் அவை பக்கத்துப் பக்கத்து அறைகளில் வளர்ந்தவை.

மூலன்_அடியான்

வரலாறு தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் எந்த வருடம் வந்தது என்பது வேறு, எப்படிச் செய்கிறோம் என்பது வேறு.

ஏட்டுப்பூச்சி

அதை ஏற்கிறேன் ஐயா. அப்படியென்றால் 'எப்படி' என்பதைத்தான் யாராவது உடைத்துச் சொல்ல வேண்டும்.

இயன்மருத்துவி

வேலை முடிந்து வந்து முழு இழையையும் படித்தேன். நான் இயன்மருத்துவர், நாரி நோவுதான் என் தினசரிச் சாப்பாடு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தசை மூன்று விதமாக வேலை செய்யும். நீளம் குறைந்துகொண்டு, நீளம் கூடிக்கொண்டு, நீளம் மாறாமல். டம்பெல்லை மேலே கொண்டுவருவது முதலாவது, மெதுவாக இறக்குவது இரண்டாவது, பாதியில் பிடித்துக்கொண்டு நிற்பது மூன்றாவது. ஜிம்மில் முதல் இரண்டும் மாறி மாறி நடக்கும். ஆசனத்தில் அதிகம் மூன்றாவது. அசையாமல் பிடிப்பதால் வரும் பலம், பிடித்த அந்தக் கோணத்திலும் அதற்கு அருகிலும்தான் கூடுதலாக வரும். தரையிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கும் முழு அசைவுக்கும் அது தானாகப் பரவாது. இந்த இடத்தில் இரும்புத்தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. எலும்பு உறுதிக்கும் கூடும் பாரம் நல்லது.

நீட்சிக்கு வருவோம். துள்ளித் துள்ளிக் குனிந்தால் தசைக்குள் இருக்கும் உணரிகள் "இழுபடுகிறேன்" என்று சத்தம் போட்டு, தசை எதிர்த்துச் சுருங்கும். மெதுவாகப் போய் நின்றால் அந்த எதிர்ப்பு அடங்கும். முதல் சில வாரங்களில் "தசை நீண்டுவிட்டது" என்று நினைப்பது பெரும்பாலும் நரம்பு மண்டலம் அந்த இழுவையைத் தாங்கப் பழகியதுதான். அதனால்தான் அவசரப்படுபவர்களுக்குக் காயம் வருகிறது. தொடைப் பின்தசை இடுப்பெலும்பில் ஒட்டும் இடத்தில் நோவோடு வருபவர்களில் நன்றாக வளையக்கூடிய யோகாக்காரர்களும் உண்டு.

இதயம். சும்மா இருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியை 1 என்று வைத்தால், வழக்கமான ஹத யோக வகுப்பு 2.5 அளவில் நிற்கும். வேக நடை 4ஐத் தாண்டும். மணிக்கு 8 கி.மீ. ஓட்டம் 8க்கு மேல். மிதமான உடற்பயிற்சி என்ற கணக்கில் சேர 3 வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைப் பலப் பயிற்சி. அமைதியான ஆசன வகுப்பு அந்த 150 நிமிடத்தில் சேராது. சூரிய நமஸ்காரத்தை வேகமாகத் தொடர்ந்து செய்தால் சேரலாம். "எனக்கு வகுப்பில் நன்றாக வேர்க்கிறதே" என்பார்கள். கொழும்பில் இருந்தபடி ரீ குடித்தாலும் வேர்க்கும். காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தால் வியர்வை காயாது, உடலில் தேங்கி நிற்கும். அதை வைத்து உழைப்பை அளக்காதீர்கள்.

இனி மூச்சு. என் கணக்கில் வித்தியாசத்தின் நடுப்பகுதி இதுதான். பாரம் தூக்குபவர் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவார், முதுகெலும்புக்கு அது ஒரு தற்காலிகப் பட்டி. ஆனால் அந்த நொடிகளில் இரத்த அழுத்தம் ஏறும். பழகிய வீரர்கள் கால்களால் பெரும் பாரத்தைத் தள்ளும்போது மேல் அழுத்தம் 300ஐத் தாண்டியதை 1980களிலேயே அளந்திருக்கிறார்கள். ஆசனத்தில் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை வரும் மூச்சு ஆறுக்குக் கிட்ட இறங்கினால், இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது, இதயத் துடிப்பும் தணிகிறது.

அதாவது எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம். ஜிம்மில் இனி ஒன்று தூக்க முடியாது என்ற இடத்துக்குக் கிட்டப் போனால்தான் தசை வளரும். ஆசனத்தில் மூச்சு இழுத்துப் பறிக்கத் தொடங்கினால், வெளியே எவ்வளவு வடிவாகத் தெரிந்தாலும் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இரும்புத்தம்பி உடம்பு நடுங்க நடுங்கப் பிடிக்கும் பிளாங்கும் ஐயா பிடிக்கும் பலகாசனமும் படத்தில் ஒன்றுதான். ஒருவர் நடுக்கம் வரும் என்று காத்திருக்கிறார், மற்றவர் அது வரும் முன் இறங்குகிறார். உடம்பு இரண்டிலும் வேறு வேறு பாடம் படிக்கிறது.

ஓரமாய்_நிற்பவன்

இதைக் கணக்கு வைக்காமல் எழுதிவிட்டீர்கள் அக்கா, வெளியில் போனால் இதற்கே பீஸ் கேட்பார்கள்.

இரும்புத்தம்பி

> "மூச்சு இழுத்துப் பறிக்கத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்"

இது பவர் யோகாவுக்கும் அட்டாங்க வின்யாசத்துக்கும் (பட்டாபி ஜோய்ஸ் பரப்பிய வேகமான ஆசன வரிசை) பொருந்துமா அக்கா? அந்த வகுப்பில் ஒரு நாள் போனேன், ஜிம்மை விட மூச்சு வாங்கியது. இன்னொன்று, அசையாமல் பிடிக்கும் பயிற்சிகள்தான் பிரஷரைக் கூடுதலாகக் குறைக்கின்றன என்று 2023இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்ததே. அதில் வோல் சிட் முன்னுக்கு நின்றது. அது எங்கள் பக்கத்து ஆள்!

இயன்மருத்துவி

அந்தத் தொகுப்பு 270 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. ஓம், அசையாமல் பிடிக்கும் பயிற்சி முன்னுக்கு நின்றது. ஆனால் அது உங்கள் பக்கமா ஐயா பக்கமா என்று எப்படிச் சொல்வது? உத்கடாசனத்தை நீங்களே முதல் பதிவில் வோல் சிட்டோடு சேர்த்துவிட்டீர்கள். கவனிக்க வேண்டியது, அதில் மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் பிரஷர் குறைவதற்குப் பதிலாக அந்த நேரத்தில் ஏறும்.

பவர் யோகா என் பார்வையில் நல்ல உடற்பயிற்சி. பாயின் மேல் நடக்கிறது, அவ்வளவுதான்.

மூலன்_அடியான்

அந்தக் கடைசி வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

பழைய_மாஸ்டர் (கொட்டாஞ்சேனை)

ஐயா, அதற்காக அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். இருபது வயதுப் பிள்ளைகளை அசையாமல் இருத்தி வைக்க நான் முப்பது வருடம் முயன்றேன், முடியவில்லை. முதலில் ஆடி ஓடிக் களைக்கட்டும், பிறகு தானாக இருப்பார்கள். கிருஷ்ணமாச்சாரியார் அரண்மனைப் பையன்களுக்கு அந்தத் துள்ளல் வரிசைகளைக் கொடுத்ததும் அதனால்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

தெஹிவளை_ராத்தா

இரண்டு கேள்வி கேட்கலாமா? நாங்கள் முஸ்லிம். யோகா வகுப்பில் மந்திரம் சொல்ல வைப்பார்களோ என்று வீட்டில் தயக்கம். மற்றது, உம்மாவுக்கு 68 வயது, பிரஷர் இருக்கிறது, கண்ணில் அழுத்தம் என்று சொட்டு மருந்து போடுகிறா. பக்கத்து வீட்டு அன்ரி, சர்வாங்காசனம் (தோளில் ஊன்றிக் காலை மேலே தூக்குவது) செய்தால் எல்லாம் மாறும் என்று உம்மாவின் காதில் போட்டிருக்கிறா. இப்போது உம்மா சுவரில் காலைத் தூக்கிப் போடப் பார்க்கிறா.

இயன்மருத்துவி

ராத்தா, முதலில் உம்மாவைச் சுவரிலிருந்து இறக்குங்கள்! கண் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனம் எதையும் செய்யக் கூடாது. சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இரட்டிப்பாவது அளந்து பார்த்த விஷயம். கட்டுப்படாத பிரஷருக்கும் அதே பதில். சர்வாங்காசனத்தில் கழுத்து முள்ளந்தண்டும் பாரம் தாங்குகிறது, 68 வயதில் புதிதாகத் தொடங்கும் ஆசனம் இல்லை அது.

உம்மாவுக்கு யோகா வேண்டாம் என்று சொல்லவில்லை. 65ஐத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். விழுவதைத் தடுக்க அது முக்கியம். அதற்கு ஆசனங்கள் மிகப் பொருத்தம். குசினி மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி நிற்கட்டும். முழு விருட்சாசனம் தேவையில்லை. டைல்ஸ் தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காலுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டாம். கண் டொக்டரிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

மூலன்_அடியான்

மந்திரம் பற்றி நான் சொல்கிறேன் மகள். சில வகுப்புகளில் ஓம் சொல்லித் தொடங்குவார்கள், சிலவற்றில் இல்லை. சேருமுன் வெளிப்படையாகக் கேளுங்கள். சொல்லாமல் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு இருக்கலாம் என்பார் நல்ல ஆசிரியர். என்னைப் பொறுத்தவரை அட்டாங்கம் என் சமயத்தின் பகுதி. அதற்காக உங்கள் உம்மா ஒரு காலில் நிற்பதை நான் சமயமாக்க மாட்டேன்.

தெஹிவளை_ராத்தா

ஜஸாகல்லாஹ் ஐயா, அக்காவுக்கும். அன்ரிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் இனி.

நாரிப்பிடிப்பு (வெள்ளவத்தை)

அக்கா, என் நாரியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். யோகாவா, ஜிம்மா?

இயன்மருத்துவி

மறக்கவில்லை. நாள்பட்ட நாரி நோவுக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதை விட யோகா ஓரளவு உதவும் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் கொக்ரேன் அமைப்பு 2017இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. மற்ற முதுகுப் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதே வருடம் வெளியான ஒரு பரிசோதனையில் யோகா, இயன்மருத்துவத்துக்குக் குறையாமல் வேலை செய்தது. என் தொழிலுக்கு எதிராக நானே சாட்சி சொல்கிறேன், பாருங்கள். ஆகவே நோவை மட்டும் பார்த்தால் எதை விடாமல் செய்வீர்களோ அது. டொக்டர் "பிடித்தது" என்றதில் விஷயம் இருக்கிறது.

நாரியைத் தாண்டிப் பார்த்தால், நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவருக்கு ஆசனம் மட்டும் போதாது. இதயத்துக்கு மரைன் டிரைவில் வேக நடை, தசைக்குக் கொஞ்சம் பாரம், இறுகிய இடுப்புக்கும் மூச்சுக்கும் ஆசனம். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ஆரம்பத்தில் முழங்காலை நீட்டியபடி குனிந்து கால்விரலைத் தொடுவதை விட்டுவிடுங்கள், புஜங்காசனத்தை (குப்புறப் படுத்து நெஞ்சை உயர்த்துவது) தாழ்வாகச் செய்து பாருங்கள். காலில் விறைப்பு, பலக்குறைவு, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் என்று ஏதாவது வந்தால் பாயையும் கம்பியையும் வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

நாரிப்பிடிப்பு (வெள்ளவத்தை)

நன்றி அக்கா. ஒரே நாளில் ஜிம்மும் ஆசனமும் செய்தால் எது முதல்?

இயன்மருத்துவி

பாரம் முதல். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டி வைத்துவிட்டு உடனே பாரம் தூக்கினால் அந்த நேரத்துக்கு அதன் பலம் கொஞ்சம் குறையும். தூக்குவதற்கு முன் நடந்து, கை காலை ஆட்டி உடம்பைச் சூடாக்கினால் போதும். நீண்ட நேரம் பிடிக்கும் ஆசனங்களைக் கடைசிக்கு வையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் மூன்று நான்கு மணி நேரம் பொறுங்கள், ஒஃபிஸ் கன்ரீனில் கொத்து ரொட்டி சாப்பிட்ட நாளில் இரண்டுமே வேண்டாம்.

இரும்புத்தம்பி

பாரம் முதல் என்று அக்காவே சொல்லிவிட்டா. நான் இத்தோடு போகிறேன்.

மூலன்_அடியான்

போகும் முன் ஐந்து நிமிடம் சவாசனம் செய்துவிட்டுப் போ தம்பி.